சட்டம் படிக்காதவர் தேசப் பாதுகாப்புச் சட்டத்தில் முதுநிலைப் பட்டம் பெறலாமா?

பொன்னிநதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வடக்கு வர்ஜீனியாவில், விமானங்களுக்கான மின்னணுக் கருவிகளைத் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பணிபுரிகிறேன். நான் படித்தது மின்னணுப் பொறியியல். ஒரு கருவி வெளியுறவுத் துறையின் ஆயுதப் பட்டியலுக்குள் வருமா அல்லது வணிகத் துறையின் பட்டியலுக்குள் வருமா என்று வகைப்படுத்துவதும், உரிமத்துக்கான விண்ணப்பத்தைத் தயாரிப்பதும், வாங்குபவரின் பெயர் கருவூலத் துறையின் தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று சரிபார்ப்பதும்தான் என் அன்றாட வேலை. விதிகளைப் பிரிவு எண்ணோடு சொல்லத் தெரியும். அந்த விதிகள் எதன்மேல் நிற்கின்றன என்பதுதான் தெரியவில்லை. ஓர் அதிபர் தம் கையெழுத்தால் மட்டும் ஒரு நாட்டுடனான வணிகத்தை எப்படி நிறுத்த முடிகிறது, நாடாளுமன்றமான காங்கிரஸ் மறுத்தால் என்ன ஆகும், நீதிமன்றம் எந்த இடத்தில் தலையிடும், எந்த இடத்தில் ஒதுங்கிக்கொள்ளும் என்பவற்றை எங்கள் நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் பேசும்போது பாதிதான் பிடிபடுகிறது.

வாஷிங்டன் பகுதியிலுள்ள சட்டப்பள்ளிகள் சில, சட்டப் பட்டம் இல்லாதவர்களுக்கென்று எம்.எஸ்.எல்., எம்.எல்.எஸ்., ஜே.எம். போன்ற பெயர்களில் முதுநிலைப் பட்டங்களை வழங்குகின்றன. தேசப் பாதுகாப்புச் சட்டம், வெளியுறவுச் சட்டம் ஆகியவற்றைச் சிறப்புப் பாடமாக எடுத்துக்கொள்ளவும் அவற்றில் வழியிருக்கிறது. கட்டணத்தில் ஒரு பகுதியைத் தர நிறுவனம் முன்வந்துள்ளது. நான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

என் ஐயங்கள் இவை. வழக்கறிஞராக முடியாத ஒரு பட்டத்துக்கு இவ்வளவு உழைப்பும் பணமும் தகுமா? இதற்குப் பதிலாக, வழக்கறிஞராவதற்கான ஜே.டி. பட்டத்தின் மாலை நேரப் படிப்பில் சேர்ந்துவிடலாமா? பொதுக்கொள்கை அல்லது பாதுகாப்பு ஆய்வுகளில் எம்.ஏ. படிப்பது இதைவிடப் பயனுள்ளதா? அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழையவழக்கு எழுதியது:

வணக்கம் அம்மா. நான் வழக்கறிஞர். கூட்டாட்சி அரசின் ஒரு துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற பின், இத்தகைய படிப்பில் சேரும் மாணவர்களுக்கு அவ்வப்போது பாடம் நடத்துகிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும், இந்தப் படிப்பு யாருக்காக ஏற்பட்டதோ அவர்களில் ஒருவர் நீங்கள் என்று எனக்குத் தோன்றியது. அதன் காரணத்தை உங்கள் வேலையிலிருந்தே காட்டுகிறேன்.

அமெரிக்க வெளியுறவுச் சட்டத்தில் எல்லா மாணவர்களும் முதலில் படிக்கும் வழக்குகளில் ஒன்று, 1936இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த கர்ட்டிஸ்-ரைட் வழக்கு. அது ஓர் ஏற்றுமதி வழக்கு. பொலிவியாவும் பராகுவேயும் சாக்கோ நிலப்பகுதிக்காகப் போரிட்டுக்கொண்டிருந்தபோது, அந்நாடுகளுக்கு ஆயுதம் விற்பதைத் தடைசெய்யும் அதிகாரத்தை 1934இல் காங்கிரஸ் அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு அளித்தது. அவரும் தடை விதித்தார். அதை மீறி பொலிவியாவுக்கு எந்திரத் துப்பாக்கிகளை விற்கச் சதி செய்ததாக கர்ட்டிஸ்-ரைட் என்னும் நிறுவனத்தின்மீது குற்றம் சாட்டப்பட்டது. காங்கிரஸ் இவ்வளவு அதிகாரத்தை அதிபரிடம் ஒப்படைக்கலாமா என்பதுதான் வழக்கின் கேள்வி. ஒப்படைக்கலாம் என்று விடை சொன்னதோடு நீதிபதி சதர்லேண்ட் நின்றுவிடவில்லை. வெளியுறவில் நாட்டின் சார்பாகப் பேசும் ஒரே வாய் அதிபர்தான் என்ற பொருளில் மிக விரிவாக எழுதிவிட்டார். தீர்ப்புக்குத் தேவைப்படாத அந்த வரிகளைத்தான் அதன்பின் வந்த ஒவ்வோர் அரசின் வழக்கறிஞர்களும் தூக்கிப் பிடித்துவந்தார்கள்.

இதற்கு எதிர்முனையில் இருப்பது 1952ஆம் ஆண்டின் யங்ஸ்டவுன் வழக்கு. கொரியப் போரின் நடுவே எஃகு ஆலைகளில் வேலைநிறுத்தம் வரவிருந்தபோது, ஆலைகளை அரசே எடுத்து நடத்தும்படி அதிபர் ட்ரூமன் ஆணையிட்டார். அந்த ஆணை செல்லாது என்று ஆறு நீதிபதிகள் கூறினர், மூவர் மாறுபட்டனர். பெரும்பான்மைத் தீர்ப்பை விடவும், அதனுடன் இசைந்து நீதிபதி ராபர்ட் ஜாக்சன் தனியாக எழுதிய கருத்துரைதான் இன்றளவும் நிலைத்திருக்கிறது. காங்கிரஸின் ஒப்புதலோடு செயல்படும்போது அதிபரின் அதிகாரம் உச்சத்தில் இருக்கும். காங்கிரஸ் எதுவும் சொல்லாதபோது அது தெளிவற்ற இடைநிலையில் இருக்கும். காங்கிரஸின் விருப்பத்துக்கு மாறாகச் செயல்படும்போது அடிமட்டத்துக்கு இறங்கும் என்பது அவர் வகுத்த முறை. ஒரு நிர்வாக ஆணையைக் கையில் எடுத்தால் இந்த மூன்றில் எது பொருந்தும் என்று கேட்பதுதான் இத்துறையில் உள்ளவர்களின் முதல் வேலை.

இப்போது உங்கள் மேசைக்கு வருகிறேன். வணிகத் துறையின் ஏற்றுமதி விதிகளை நீங்கள் நாள்தோறும் பயன்படுத்துகிறீர்கள். அவற்றுக்கு அடிப்படையாக இருந்த 1979ஆம் ஆண்டுச் சட்டம் 2001 ஆகஸ்டில் காலாவதியானது. விதிகள் அதனால் மறைந்துவிடவில்லை. சர்வதேச அவசரப் பொருளாதார அதிகாரச் சட்டம் என்னும் 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதிபர் அவசரநிலையை அறிவித்து, ஒரு நிர்வாக ஆணையின் மூலம் அந்த விதிகளை உயிரோடு வைத்திருந்தார். அதற்கடுத்து வந்தவர்களும் ஆண்டுதோறும் அந்த அவசரநிலையை நீட்டித்தார்கள். 2018இல் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சீர்திருத்தச் சட்டம் வரும்வரை, ஏறத்தாழ 17 ஆண்டுகள், நாட்டின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் பெரும்பகுதி அவசரகால அதிகாரத்தின்மேல் நின்றது. அந்தக் காலத்தில் உரிமம் கோரி விண்ணப்பித்தவர்கள் பலருக்கு இது தெரிந்திருக்காது. தெரிந்துகொள்ளாமலே வேலையை ஒழுங்காகச் செய்யவும் முடிந்தது. எனினும் ஓர் ஆணையை எதிர்த்து வழக்காடலாமா, அடுத்த அரசு அதை ஒரே நாளில் மாற்றிவிடக்கூடுமா என்று நிறுவனத்தின் தலைமை கேட்கும்போது, விதி எதன்மேல் நிற்கிறது என்பதை அறிந்தவர்தான் பதில் சொல்ல முடியும்.

நீங்கள் பெறக்கூடிய பயனாக நான் கருதுவது இந்த அறிவைத்தான். பட்டத்தின் பெயருக்காக மட்டும் சேராதீர்கள். எம்.எஸ்.எல். முடித்தவர் வழக்கறிஞர் தகுதித் தேர்வை எழுத முடியாது. பிறருக்குச் சட்ட ஆலோசனை வழங்கக் கூடாது, வழங்கினால் உரிமமின்றித் தொழில் செய்த குற்றமாகும். அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் முறைப்படி அங்கீகரிப்பது ஜே.டி. படிப்பை மட்டுமே. இந்தப் பட்டத்துக்காகப் படித்த பாட அலகுகள் (கிரெடிட்டுகள்) பிற்பாடு ஜே.டி.யில் சேர்ந்தால் பெரும்பாலும் கணக்கில் வராது. ஆகவே இதை ஜே.டி.க்கு முதற்படியாக எண்ணிச் சேருவது வீண்.

மாலைவகுப்பு எழுதியது:

பழையவழக்கு ஐயா சட்டத்தின் உள்ளடக்கத்தை எழுதிவிட்டார். இந்தப் பட்டத்தைப் படித்து முடித்த, வழக்கறிஞர் அல்லாத ஒருத்தி என்ற முறையில் அதன் நடைமுறையைப் பற்றி எழுதுகிறேன். நான் தகவல் பாதுகாப்புத் துறையில் இருப்பவள்; வேலையை விடாமல், மாலை வகுப்புகளில் படித்தேன்.

தோழி, முதலில் ஒன்றைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். எம்.எஸ்.எல். மாணவர்களைத் தனி வகுப்பில் உட்காரவைத்துச் சுருக்கப் பாடம் நடத்துகிறார்களா, ஜே.டி. மாணவர்களோடும், சட்டம் படித்தவர்களுக்கான முதுநிலைப் பட்டமான எல்எல்.எம். மாணவர்களோடும் ஒரே வகுப்பில் சேர்க்கிறார்களா? முதல் வகையில் விரிவுரைத் தாள்களும் சுருக்கங்களும் கிடைக்கும். இரண்டாம் வகையில் தீர்ப்பு முழுவதையும் நீங்களே படித்தாக வேண்டும். பேராசிரியர் உங்களை எழுப்பி, இந்த வழக்கின் உண்மைகள் என்ன, மாறுபட்ட நீதிபதி எந்த இடத்தில் பிரிந்தார் என்று கேட்பார். முதல் சில வாரங்கள் மிகவும் கடினமாக இருக்கும். ஆயினும் இரண்டாம் வகையில் மட்டுமே சேருங்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன், ஏனென்றால் சட்டத்தைப் பற்றிப் படிப்பது வேறு, சட்டத்தையே படிப்பது வேறு.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். அயல்நாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டம் 1978இல் இயற்றப்பட்டது. அதில் மின்னணுக் கண்காணிப்பு என்ற சொற்றொடருக்கு நான்கு தனித்தனி வரையறைகள் உள்ளன. செய்தி கம்பி வழியே சென்றதா வானொலி அலையாகச் சென்றதா, இடைமறித்த இடம் அமெரிக்காவுக்குள்ளா வெளியிலா, குறிவைக்கப்பட்டவர் அமெரிக்கரா, அவர் நாட்டுக்குள் இருந்தாரா என்பவற்றைப் பொறுத்து, ஒரே தொலைபேசி உரையாடல் ஒரு வரையறைக்குள் வரும் அல்லது நான்கிலும் அடங்காமல் நழுவிவிடும். நழுவியதற்கு, இத்தகைய கண்காணிப்புக்கு ஆணை வழங்கும் சிறப்பு நீதிமன்றத்தின் ஆணை தேவைப்படாமல் போகலாம். அப்போது 1981இல் அதிபர் ரீகன் வெளியிட்ட 12333ஆம் எண் நிர்வாக ஆணையும் அதன்வழி வந்த உள்விதிகளுமே கட்டுப்படுத்தும். ஒரு மாலை முழுவதும் எங்கள் வகுப்பு அந்த நான்கு பத்திகளை விட்டு நகரவேயில்லை. வலையமைப்பில் செய்தி எப்படிப் பயணிக்கிறது என்பது எனக்குத் தெரியும், பக்கத்தில் இருந்த ஜே.டி. மாணவருக்குத் தெரியாது, சட்ட வாசகத்தில் ஒரு காற்புள்ளி எதைப் பிரிக்கிறது என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. எங்கள் இருவரில் யார் மட்டும் இருந்திருந்தாலும் அந்தப் பத்திகள் முழுமையாக விளங்கியிருக்காது. பொறியாளராகிய உங்களுக்கும் அத்தகைய வகுப்பில் கொடுக்க நிறைய இருக்கும்.

இன்னொரு மாலை 1973ஆம் ஆண்டின் போர் அதிகாரத் தீர்மானத்தைப் படித்தோம். அதிபர் நிக்சனின் மறுப்பாணையையும் மீறி காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டம் அது. படைகளைச் சண்டையில் ஈடுபடுத்தினால் 48 மணி நேரத்துக்குள் அறிக்கை தர வேண்டும், காங்கிரஸ் ஒப்புதல் அளிக்காவிட்டால் 60 நாட்களில் நிறுத்த வேண்டும், பாதுகாப்பாகத் திரும்பப் பெற மேலும் 30 நாட்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். 2011இல் லிபியாவில் விமானத் தாக்குதல்கள் 60 நாட்களைத் தாண்டியபோது, அங்கே நடப்பது அந்தச் சட்டம் குறிப்பிடும் வகைச் சண்டையே அல்ல என்று ஒபாமா அரசு வாதிட்டது. வகுப்பில் இருந்த ஒரு படை அதிகாரி அந்த வாதத்தை அமைதியாக, வரிவரியாக எதிர்த்தார். செய்தித்தாளில் நான் பலமுறை கடந்துபோன செய்திதான் அது. அதற்குள் இருந்த சட்டச் சிக்கல் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

உங்கள் மற்றக் கேள்விகளுக்கு வருகிறேன். மாலை நேர ஜே.டி. என்பது வழக்கமாக நான்காண்டுப் படிப்பு; ஒப்பந்தச் சட்டம், சொத்துச் சட்டம், குடிமைத் தீங்குச் சட்டம் என்று எல்லாவற்றையும் கடந்துதான் விருப்பப் பாடத்துக்கு வர முடியும். நீதிமன்றத்தில் வாதாடவோ நிறுவனத்தின் வழக்கறிஞராகக் கையெழுத்திடவோ விரும்பினால் அதற்கு வேறு வழியில்லை, அதைத்தான் படிக்க வேண்டும். அந்த விருப்பம் இல்லையென்றால் வேண்டாம். பாதுகாப்பு ஆய்வுகளில் எம்.ஏ. நல்ல படிப்பு, ஆனால் அது உத்தி, வட்டார அரசியல், புலனாய்வு ஆகியவற்றைப் பேசும். நீங்கள் கேட்டிருப்பதெல்லாம் அதிகாரத்தின் மூலத்தைப் பற்றிய கேள்விகள். அவற்றுக்கு அங்கே விடை குறைவு.

கட்டணத்தைப் பற்றி ஒரு சொல். சட்டப்பள்ளிகள் பெரும்பாலும் கிரெடிட் கணக்கில் வசூலிக்கின்றன, எம்.எஸ்.எல். மாணவர்க்கென்று பெரிய சலுகை இராது. 2025இல் நிறைவேறிய சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு, பட்டமேற்படிப்புக்கான கூட்டாட்சிக் கடன்களில் ஒன்றான கிராட் பிளஸ் கடன் கிடையாது. முதுநிலை மாணவருக்கான கூட்டாட்சிக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர் என்ற வரம்புக்குள் அடங்கும். தொழிற்பட்டம் என்று கருதப்படும் ஜே.டி.க்கு 50,000 டாலர். ஆகவே உங்கள் நிறுவனம் எவ்வளவு தரும், படித்து முடித்தபின் எத்தனை ஆண்டு அங்கேயே பணியாற்ற வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே சேருங்கள்.

கார்முகில் எழுதியது:

மூத்தவர்களுக்கு வணக்கம். இடையில் நுழைவதற்குப் பொறுத்தருள வேண்டும். நான் எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இங்கு வந்து, பன்னாட்டு உறவுகளில் இளநிலைப் பட்டப் படிப்பை முடிக்கும் நிலையில் இருக்கிறேன். இதே படிப்பில் சேர்ந்து, பின்னர் தேசியப் பாதுகாப்பு மன்றம், வெளியுறவுத் துறை போன்ற இடங்களில் பணியாற்ற வேண்டும் என்பது என் ஆசை. பணி அனுபவம் இல்லை. எனக்கும் இந்தப் படிப்பு பொருந்துமா?

பழையவழக்கு எழுதியது:

தம்பி, உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். அதனாலேயே மழுப்பாமல் சொல்கிறேன். நீங்கள் குறிப்பிட்ட அலுவலகங்களில் வேலைக்கு, அரசின் இரகசியத் தகவல்களைக் கையாள அனுமதிக்கும் செக்யூரிட்டி கிளியரன்ஸ் வேண்டும். 1995ஆம் ஆண்டின் 12968ஆம் எண் நிர்வாக ஆணைப்படி, அரிதான வரம்புக்குட்பட்ட விதிவிலக்குகள் நீங்கலாக, அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே அதற்கான தகுதி வழங்கப்படும். கிரீன் கார்டு போதாது. குடிமக்களாலும் அதற்குத் தாமாக விண்ணப்பிக்க முடியாது. வேலை தரும் நிறுவனமோ துறையோதான் முன்மொழிய வேண்டும். எந்தப் பட்டமும் இந்தத் தடையைக் கடக்க உதவாது. விண்ணப்பத்தை ஊக்குவிக்கும் சேர்க்கை அலுவலகங்கள் இதைத் தாமாக முன்வந்து சொல்வது குறைவு என்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

விசா நிலையையும் எண்ணிப்பாருங்கள். படிப்புக்குப் பின், மாணவர் விசாவில் வந்தவர்களுக்கான ஓ.பி.டி. என்னும் பணி அனுமதியில் பொதுவாக 12 மாதங்கள் பணிபுரியலாம். கூடுதலாக 24 மாதங்கள் நீட்டிக்கும் வாய்ப்பு ஸ்டெம் எனப்படும் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் பட்டியலில் உள்ள படிப்புகளுக்குத்தான். சட்டப் படிப்புகள் பொதுவாக அந்தப் பட்டியலில் இல்லை.

அதற்காக இத்துறை உங்களுக்கு முற்றிலும் மூடிக்கிடக்கிறது என்று பொருளல்ல. பொருளாதாரத் தடைகள் மீறப்படாமல் பார்த்துக்கொள்ளும் வங்கிப் பிரிவுகள், அயல்நாட்டு முதலீடுகளை ஆராயும் ஆலோசனை நிறுவனங்கள், ஆய்வு மையங்கள், இதழியல் ஆகியவற்றில் கிளியரன்ஸ் தேவைப்படாத வேலைகள் நிறைய உள்ளன. இதழியலைச் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. யேல் சட்டப்பள்ளியின் எம்.எஸ்.எல். படிப்பில் பல இதழாளர்கள் பயின்றிருக்கிறார்கள். பல்லாண்டுகள் உச்ச நீதிமன்றச் செய்திகளை எழுதிய லிண்டா கிரீன்ஹவுஸ் 1978இல் அங்கே அந்தப் பட்டம் பெற்றவர். அதிபர்கள் சட்டங்களில் கையெழுத்திடும்போது சேர்க்கும் குறிப்புரைகளைப் பற்றி எழுதி 2007இல் புலிட்சர் பரிசு பெற்ற சார்லி சாவேஜும் அதே பட்டம் பெற்றவர்தான். இருவரும் வழக்கறிஞர்கள் அல்லர். ஆனால் அவர்கள் ஏற்கெனவே ஒரு தொழிலில் காலூன்றிவிட்டு, அதை ஆழப்படுத்திக்கொள்ளச் சென்றவர்கள். நீங்களும் சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, எந்தக் கேள்வி உங்களை விடாமல் துரத்துகிறது என்று தெரிந்தபின் இந்தப் படிப்புக்கு வாருங்கள் என்பதே என் அறிவுரை.

பொன்னிநதி எழுதியது:

இருவருக்கும் உளமார்ந்த நன்றி. 2001 முதல் 2018 வரையிலான செய்தியைப் படித்துவிட்டுச் சற்று நேரம் திகைத்துப்போனேன். அந்தக் காலத்தின் பிற்பகுதியில் நானும் அதே விதிகளின் கீழ் விண்ணப்பங்கள் தயாரித்திருக்கிறேன். ஜே.டி. வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

மேலும் இரண்டு கேள்விகள். என்னிடம் கிளியரன்ஸ் இருக்கிறது. வகுப்பில் கட்டுரை எழுதுவதிலும் விவாதிப்பதிலும் அதனால் இடையூறு வருமா? இரண்டாவது, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் ஊறிய ஒருவர், அதற்கு அப்பால் எந்தப் பாடங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது?

மாலைவகுப்பு எழுதியது:

முதல் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். இடையூறு வரும், ஆனால் சமாளிக்கக்கூடியதே. 2010இல் விக்கிலீக்ஸ் வழியாக வெளியுறவுத் துறையின் தந்திகள் வெளிவந்தபோது, ஓர் ஆவணம் பொதுவெளியில் கிடந்தாலும் அதன் இரகசியத் தகுதி நீங்கிவிடாது என்று கூட்டாட்சி ஊழியர்களுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் அறிவுறுத்தப்பட்டது. 2013இல் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களுக்கும் இதே நிலைதான். பாடப் பட்டியலில் அத்தகைய ஆவணத்துக்கான இணைப்பு இருந்தால், அதைத் திறக்காமல் பேராசிரியரிடம் மாற்று வாசிப்பு கேட்டுக்கொள்ளுங்கள். இத்துறையில் பாடம் நடத்துபவர்களுக்கு இது பழகிய வேண்டுகோள். அதிகாரப்பூர்வமாக வெளியிடப்பட்ட நீதிமன்ற ஆணைகளைத் தாராளமாகப் படிக்கலாம். கட்டுரையை இதழில் வெளியிட எண்ணினால், நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் முன்கூட்டியே சரிபார்ப்புக்கு அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். முன்னாள் சி.ஐ.ஏ. ஊழியர் ஸ்னெப் அந்த நிபந்தனையை மீறி நூல் வெளியிட்டார். நூலில் இரகசியம் இருந்ததாக அரசு வாதிடவில்லை. ஆயினும் 1980இல் உச்ச நீதிமன்றம் அவர் ஈட்டிய வருமானம் அரசுக்கே சேரும் என்று தீர்ப்பளித்தது.

பழையவழக்கு எழுதியது:

இரண்டாம் கேள்விக்கு நான் எழுதுகிறேன். அரசியலமைப்பு அடிப்படையிலான வெளியுறவுச் சட்டப் பாடத்தை முதல் பருவத்திலேயே எடுத்துவிடுங்கள். மற்றவை அதன்மேல் ஏறுபவை. அடுத்து நிர்வாகச் சட்டம். தேசப் பாதுகாப்பில் ஆர்வமுள்ள பலர் அதைச் சலிப்பான பாடம் என்று தவிர்க்கிறார்கள், எனக்கு அது மிகுந்த வருத்தம் தரும் விஷயம். அரசுத் துறையின் முடிவை எந்த அளவுக்கு நீதிமன்றம் ஆராயலாம் என்பது அங்கேதான் கற்பிக்கப்படுகிறது.

இவ்விரண்டும் சேர்ந்து நிற்கும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். சீனர்களுக்குச் சொந்தமான ரால்ஸ் என்ற நிறுவனம் ஓரிகனில் கடற்படைத் தளத்தின் பயிற்சிப் பகுதிக்கு அருகே காற்றாலைத் திட்டங்களை வாங்கியது. அயல்நாட்டு முதலீடுகளால் தேசப் பாதுகாப்புக்கு இடர் வருமா என்று ஆராயும் அரசுக் குழுவின் ஆய்வுக்குப் பின் 2012இல் அதிபர் ஒபாமா அவற்றை விற்றுவிடும்படி ஆணையிட்டார். தேசப் பாதுகாப்பு பற்றிய அதிபரின் முடிவை நீதிமன்றம் மாற்ற முடியாது என்று சட்டமே கூறுகிறது. ஆனால் 2014இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், முடிவை ஆராயாமல், அது எடுக்கப்பட்ட முறையை மட்டும் ஆராய்ந்தது. இரகசியமல்லாத சான்றுகளை நிறுவனத்துக்குக் காட்டி, மறுப்பதற்கு வாய்ப்பளித்திருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றம் எங்கே தலையிடும், எங்கே ஒதுங்கும் என்று கேட்டீர்களே, அந்தக் கோட்டை இவ்வளவு தெளிவாகக் காட்டும் தீர்ப்புகள் சிலவே உள்ளன.

இறுதிக் கட்டுரைக்கு உங்களுக்கென்றே ஒரு பொருள் வைத்திருக்கிறேன். பெரிய ஆயுத விற்பனைகளைக் காங்கிரஸுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்கிறது 1976ஆம் ஆண்டின் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம். தொடக்கத்தில், அதிபரின் கையெழுத்து தேவைப்படாத ஒரு தீர்மானத்தாலேயே காங்கிரஸ் விற்பனையைத் தடுக்க முடியும் என்று அதில் இருந்தது. 1983இல் சாதா என்பவர் தொடர்பான குடியேற்ற வழக்கில் அத்தகைய தடுப்பு முறைகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அதன்பின் தடுப்பதற்கு, அதிபர் மறுக்கக்கூடிய கூட்டுத் தீர்மானம்தான் வழி. 2019இல் சவூதி அரேபியாவுக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் ஆயுதம் விற்பதை எதிர்த்து இரு அவைகளும் நிறைவேற்றிய தீர்மானங்களை அதிபர் டிரம்ப் மறுத்தார். மறுப்பை மீறத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் செனட்டில் கிடைக்கவில்லை. அந்தக் குடியேற்ற வழக்கில் வந்த தீர்ப்பு ஆயுத ஏற்றுமதியில் அதிகாரச் சமநிலையை எப்படி மாற்றியது என்பதை, உரிம விண்ணப்பத்தை உள்ளிருந்து அறிந்த ஒருவர் எழுதினால் அது வழக்கறிஞர்களும் தேடிப் படிக்கும் கட்டுரையாக இருக்கும்.

சேர்வதற்கு முன் ஜாக்சனின் கருத்துரையை ஒருமுறை முழுவதுமாகப் படித்துவிடுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எந்தப் பத்தியில் சிக்கினாலும் இங்கே எழுதுங்கள், சேர்ந்து படிக்கலாம்.